அட்டையில் எட்டுக் கையெழுத்து

லிஃப்ட்காரருக்கு ஞானஸ்நானம் ஆகி மூன்று மாதம். குடியை விட்டாச்சு. வாயைத் திறந்தால் கொட்டிய கெட்ட வார்த்தையும் போயே போச்சு. "இவரு எங்க வீட்டுக்காரர்தானான்னு நானே கிள்ளிப் பாத்துக்கறேன்" என்று மனைவி சபை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். சாப்பிடும்போது மகள் அப்பா பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தாள். நல்ல வாழ்க்கை என்றால் இதுதான் என்று அவரும் மனசாரச் சொன்னார். அதில் பொய் இல்லை.

பொய் வேறு இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று ஞாயிறு மத்தியானம் ஜெபக்கூட்டம். தான் மனம் திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்லப்போவது அவர்தான். நாலு நாளாக எழுதித் திருத்திய காகிதம் சட்டைப் பையில் இருந்தது. வழக்கமாகப் பாஸ்டர் வீட்டில் நடக்கிற கூட்டத்தைக் கடைசி நேரத்தில் சபையைச் சேர்ந்த ஒரு டீச்சர் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழாவது மாடி. கட்டடத்தைப் பார்த்ததுமே அவர் வாசலில் நின்றுவிட்டார். அவர் பராமரிக்கும் ஒன்பது லிஃப்டில் ஒன்று இங்கேதான்.

பராமரிப்பாவது மண்ணாங்கட்டியாவது! மோட்டார் அறை மொட்டை மாடிக்கும் மேலே. இரும்பு ஏணியில் ஏறணும். இவருக்கு முட்டிவலி. எதிர்க்கடையில் உட்கார்ந்து, லிஃப்டைத் தூக்கும் கம்பி வடம் பார்த்தேன், பிரேக் பார்த்தேன் என்று மாதாமாதம் அட்டையில் கையெழுத்துப் போட்டு, லிஃப்டுக்குள் மாட்டிவிட்டுப் போய்விடுவார். எட்டு மாதம், எட்டுக் கையெழுத்து. முதல் ஐந்தைக் குடியின் தலையில் கட்டலாம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு போட்ட மூன்றை எவன் தலையில் கட்டுவது? கடைசியாகப் போட்டது ஒரு சனிக்கிழமை. மறுநாள் சபையில் இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார், மனுஷன்!

"முதல்ல பெண்கள் ஏறட்டும்" என்றார் பாஸ்டர். மனைவி ஏறினாள், மகள் ஏறினாள், பாட்டுப் புஸ்தகக் கட்டோடு இன்னும் நாலு பேர். 'இறங்குங்க' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! சாட்சி சொல்ல வந்தவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கதவு மூடிக்கொண்டது.

ஒன்று. இரண்டு. லிஃப்ட் வாசலுக்கு மேல் எரிந்த மாடி எண்ணிலிருந்து அவர் கண் நகரவில்லை. மூன்றில் கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது. ஆண்டவரே, ஆண்டவரே... அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. நாலு. பாஸ்டர் வெயிலைப் பற்றி என்னவோ சொன்னார். ஐந்து. ஐயோ, என் பிள்ளை. ஆறு. ஏழில் நின்றது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

லிஃப்ட் காலியாகத் திரும்பி வந்தது. கதவு திறந்ததும் எதிரே அட்டை.

"ஏறுங்க பிரதர்" என்று பாஸ்டர் காலை உள்ளே வைத்தார்.

"யாரும் ஏறாதீங்க." கையை நீட்டி வாசலை மறித்தார். "நான் இதைப் பாக்கவே இல்ல ஐயா. எட்டு மாசமா பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பாஸ்டர் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். வாட்ச்மேனை லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, அட்டையைக் கழற்றிக்கொண்டு லிஃப்ட்காரர் படியேறினார்.

மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார். பழந்துணி ஒன்றை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்து, கை எட்டிய நீளத்துக்கும் உருவினார். கம்பி இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். பத்து நிமிஷ வேலை. நாலு வடத்தில் மூன்று வழவழவென்று போயின. நாலாவதில் துணி சிக்கியது. மறுபடியும் சிக்கி, டர்ரென்று கிழிந்தது. மற்ற மூன்றும் தாங்கியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் கீழே நின்று மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது தெரியாதே! தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தை அவர் எடுக்கவே இல்லை. கிழிந்த துணியையும் அட்டையையும் நடுவில் வைத்து, நடந்ததைச் சொன்னார். அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டு அவரிடமும் சொன்னார். "நாளைக்கு ஆபீஸ் வா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலதிகாரி போனை வைத்துவிட்டார்.

மனைவி எழுந்து நின்றாள். "நாங்க ஏறும்போது உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியும்" என்றார். "வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்."

மகள் அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். பாஸ்டர் ஜெபம் பண்ணலாம் என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றாள் மனைவி. "இதே மாதிரி பாக்காம இன்னும் எத்தனை இருக்கு?"

"எட்டு லிஃப்ட்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலுதான் ஆகுது. போங்க. போய் எல்லாத்தையும் பாத்துட்டு வீட்டுக்கு வாங்க."

துணியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முட்டி விண்ணென்று தெறித்தது. வேலை போகலாம், அவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதத்தில் முதல் தடவையாக மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எட்டில் எது உயரமான கட்டடமோ, முதலில் அதைப் பார்க்கப் போனார்.