மருந்தகத்துப் பெட்டி பதில் சொல்லவில்லை

உத்தமபாளையத்தில் வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கருவிகள் மேகமலை வரை டவர்களிலும் கூரைகளிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிங் செய்து, அதாவது சின்ன அழைப்பு ஒன்றை அனுப்பிப் பார்த்து, பதில் வராவிட்டால் என் போனுக்குச் செய்தி அனுப்ப, கணினியில் சின்னதாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதில் கடைசிக் கருவி, மலைமேல் எஸ்டேட் மருந்தகத்தின் கூரையில் இருக்கும் இணையப் பெட்டி. அங்கேதான் என் கணவர் மருந்தாளுநர். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது; அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசிக்கொள்வோம்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு மதியம், அந்தப் பெட்டி பதில் தரவில்லை என்று செய்தி வந்தது. கையாலும் பிங் செய்து பார்த்தேன். அதற்கு முந்தைய டவர் பதில் சொன்னது. இது மட்டும் ஊமையாக இருந்தது.

"மழைக்குக் கரண்டு போயிருக்கும்மா" என்றார் டவர் ஏறும் அண்ணன்.

"கரண்டு போனாலும் ஓடத்தானண்ணே பேட்டரி வச்சிருக்கோம்?"

அவர் சின்னமனூர் ஜீப்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதாம், வண்டி எதுவும் மேலே போகவில்லையாம். ஸ்கிரிப்ட்டில் பிங் செய்யும் இடைவெளியைக் குறைத்தேன். திரை முழுக்க 'பதில் இல்லை' என்ற வரியே ஓடியது. நடுவில் மாமியார் போனில் கூப்பிட்டார்.

"அவன் பேசுனானா ஆத்தா?"

"வேலையா இருப்பாக அத்தை" என்றேன். குரல் தடுமாறாமல் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாயங்காலம் பெட்டி பதில் சொன்னது. நான் கூப்பிடும் முன்னே கணவரே கூப்பிட்டுவிட்டார்.

"தொழிலாளிக லைன் வீட்டுல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி வந்திருச்சு. ரோடு இல்ல, கீழ கொண்டுபோக முடியல. இங்கன ஒரே இருட்டு. நர்ஸம்மா வெளிச்சம் கேட்டாக. ஒன் பேட்டரியக் கழட்டித்தான் பல்பு போட்டோம்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டக் கூடாதா?"

"எங்க நேரம் இருந்துச்சு? பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாயிருக்காக."

எனக்கு அழுகைதான் வந்தது.

"கரண்டு இன்னும் வரல" என்றார் பிறகு. "ஒங்கிட்டச் சொல்லத்தான் பேட்டரியத் திரும்ப மாட்டுனேன். மறுபடி கழட்டணும்."

"கழட்டுங்க" என்றேன்.

சற்று நேரத்தில், மருந்தகத்துப் பெட்டி பதில் தரவில்லை என்று போனில் செய்தி வந்தது. காரணம் தெரிந்திருந்தும் நெஞ்சு திக்கென்றது.