சர்வே திரும்பப் போகும் வீடு

அழைப்பு மணியை அழுத்திவிட்டு சர்வே இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்கிறாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவர் மிரண்டுபோவார் என்று பல்கலைக்கழகத்தில் பழகியது. ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை. சொந்த அக்கா வீட்டு வாசலிலும் இதே கூத்துதான்.

சர்வே என்பது, அங்கே அவளோடு சமூக அறிவியலும் பொதுக் கொள்கையும் படித்த வகுப்பு வைத்த பட்டப்பெயர். களஆய்வில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் விவரம் கேட்டு எழுத வேண்டும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது, இன்னொரு நாள் திரும்பப் போக வேண்டும். மற்றவர்கள் பக்கத்து வீட்டிலேயே கதையை முடித்துவிட்டு ஐஸ்கிரீம் தின்னக் கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் வெயிலில் திரும்ப நடப்பாள்.

"பூட்டுன வீட்டுக்காரங்கதான்டி வேலைக்குப் போறவங்க. அவங்கள விட்டுட்டா நம்ம கணக்குல ஊரே சும்மா உக்காந்திருக்கும்" என்பாள்.

கூட நடந்தவள் ஒருத்திதான். வகுப்பையே அதட்டி மேய்த்ததால் அவள் சட்டாம்பிள்ளை. ஒரே புத்தகத்தை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதியாகப் படித்த ஜோடி. பேருந்தில் இவர்கள் போட்ட வாதம் தாங்காமல் நடத்துநர், "சமத்துவத்தக் கீழ எறங்கிப் பேசுங்கம்மா, மத்தவங்களும் ஏறணும்ல" என்று கெஞ்சியிருக்கிறார். அதெல்லாம் ஒரு காலம்!

இன்று நிற்பது சட்டாம்பிள்ளையின் வாசலில். நகராட்சியில் அதிகாரியாகிவிட்ட சர்வே எழுதிய அறிக்கையால்தான் இந்தத் தெருவின் சின்ன மருத்துவமனை மூடப்பட்டது. வருகிறவர்கள் குறைவு என்று மேசைக்கு வந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து தோழி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவளோ ஞாயிறு தவறாமல் வந்து மணியடித்துவிட்டுப் போகிறாள். முப்பது வருடச் சிநேகத்தை ஓர் அறிக்கைக்குப் பறிகொடுக்க மனம் வருமா?

இன்றுதான் கதவு திறந்தது. சட்டாம்பிள்ளை வழியை மறித்து நின்றாள்.

"வந்தவங்கள எண்ணின, சரி. வராதவங்கள கேட்டியாடி? ஆஸ்பத்திரிய தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கே மூடிட்டா, ஏழு மணிக்கு வேல விட்டு வர்றவ எப்படி வருவா?"

சர்வேயின் முகம் வாடிப்போயிற்று.

"கேக்கலடி. தப்புதான்" என்றாள். "இப்பவே கேக்கறேன். இந்தத் தெருவுல ஆரம்பிக்கறேன். நீயும் வாயேன்."

சட்டாம்பிள்ளை உள்ளே போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வீட்டைப் பூட்டினாள். சாவியை சர்வேயின் கைப்பையில் போட்டுவிட்டு, முன்னால் நடந்தாள்.