அம்மன் பூவில் செய்த உரம்

எனக்கு வேலை போன வாரத்தில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாத்தனார் கேக் செய்து விற்கச் சொன்னாள். சித்தி மகள் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டாகப் போகச் சொன்னாள். விவசாயம் செய் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது ஒரு வேலைக் கண்காட்சி. முதியோர் பராமரிப்புக்கும் கணினிப் படிப்புக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, ஊதா விளக்கின் கீழ் ஒரு கீரைச் செடியை உட்கார வைத்திருந்தார்கள். எதிர்காலம் உணவில்தான் இருக்கிறது என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். வங்கி ஒன்றில் பல வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்துவிட்டு, அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் பறிகொடுத்து நின்றவள் நான். ஐம்பதை நெருங்குகிற வயதில் எதிர்காலம் எதிலாவது இருந்தால் போதும் என்றிருந்தது. பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. அவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளர். எதையும் அவசரப்படாமல் கிண்டல் செய்வார்.

"வயல்ல நின்னு சாக வேணாம்னுதான் நம்ம தாத்தாங்க கப்பல் ஏறி வந்தாங்க. நீ கோர்ஸ் படிச்சுட்டு திரும்ப அங்கயே போறியாலா?"

வயலுக்கு எங்கே போவது? வகுப்பு ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் நடந்தது. ஏசி போட்டுத் தள்ளினார்கள். விவசாயம் படிக்க நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். முதல் பாடம் மண்ணறிவியல். மண் வாய் ஒட்டிய பிளாஸ்டிக் பைகளில் வந்தது. ஒவ்வொரு பையிலும் எந்த நாட்டு மண் என்று அச்சடித்திருந்தது. கட்டுமானத் தொழிலாளிகளைப் போல, இந்த ஊரில் மண்ணும் வெளியிலிருந்து வந்துதான் வேலை பார்க்கிறது.

ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நாடாவாக இழுக்கச் சொன்னார்கள். எவ்வளவு தூரம் அறுபடாமல் வருகிறது என்று பார்த்து, அதில் களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று சொல்லலாமாம். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் வராது, குறைந்தாலும் வராது. முறுக்கு மாவு பிசைந்த கை என்பதால் எனக்கு ஒரே தடவையில் வந்தது. ஆசிரியர் என் மண்ணை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். வங்கியில் என்னை யாரும் அப்படிப் பாராட்டிய நினைவில்லை. பிழைப்புக்காகச் சேர்ந்த படிப்பின்மேல் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது.

பயிற்சிக்குப் பொங்கோலில் ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். பண்ணை என்றால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடி. கழனிக்கு லிஃப்டில் போனேன். முக்கால்வாசி இடத்தில் மண்ணே இல்லை, குழாயில் ஓடும் தண்ணீரில் செடிகள் நின்றன. ஓரமாகச் சில மரப்பெட்டிகளில் மட்டும் மண் இருந்தது. மண்ணைப் படித்தவளுக்கு அந்த ஓரம்தான் ஒதுக்கப்பட்டது. சீக்கிரமே இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பண்ணை கீரை விற்றுப் பிழைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளையும் அலுவலகக் கூட்டங்களையும் வரவழைத்து, விவசாயம் எப்படிச் செய்வது என்று காட்டித்தான் பிழைத்தது. கீரை சாட்சிக்கு நின்றது.

பயிற்சியில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் விமானப் பணியாளராக இருந்து விலகிய சீனர், நல்ல உயரம், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. இன்னொருவர் வெளிநாட்டில் மண்ணறிவியலே படித்துப் பட்டம் வாங்கிய இளைஞர். மூன்றாவது நான். நிரந்தர வேலையோ ஒன்றே ஒன்று. என்னைவிட வயதில் மிகவும் இளைய எங்கள் மேலாளர் முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டாள். நகரத்தில் வீணாகும் ஏதாவது ஒரு பொருளை எடுத்து அவரவரே உரம் தயாரிக்க வேண்டும். அதைப் போட்டு ஆளுக்கொரு பெட்டியில் கீரை வளர்க்க வேண்டும். பயிற்சி முடிகிற அன்று பெட்டியைப் பார்த்து ஆளை முடிவு செய்வாள்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. வீடு கணவர் சம்பளத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காலையில் அவர் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அந்த வீட்டின் அமைதி தாங்கமுடியாததாக இருந்தது. இனி என்னால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

விமானக்காரர் காப்பிக் கடைகளிலிருந்து காப்பித்தூள் சக்கை வாங்கி வந்தார். பட்டதாரி பீர் வடிக்கிற இடத்திலிருந்து தானியச் சக்கை. எனக்குப் பூ தோன்றியது. பூக்கடையும் கோயிலும் நிறைந்த தேக்காவில் ஒரு நாளைக்கு விழுகிற வாடிய மாலைகளை வைத்து ஒரு தோட்டமே போடலாம். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். குருக்களிடம் போய்க் கேட்டேன். அம்மனுக்குச் சாத்தி இறக்கிய பூ குப்பைக்குப் போவதைவிடச் செடிக்குப் போவது உத்தமம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"நிர்மால்யம்மா அது. எங்க வேணா கொண்டு போங்கோ. கால் மட்டும் படப்படாது."

கோயிலில் ஒரு சாக்கு வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் போய் அம்மனைக் கும்பிட்டு, என் வேண்டுதலையும் முடித்துக்கொண்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவேன். ஃபேரர் பார்க்கிலிருந்து பொங்கோலுக்கு ஒரே ரயில், மாற வேண்டாம். சாக்கைக் கீழே வைக்க முடியாதே, அதனால் மடியில் வைத்துக்கொள்வேன். நாற்றத்துக்காக டுரியான் பழத்துக்குத்தான் ரயிலில் தடை, முந்தாநாள் சாமந்திக்குத் தடையில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொள்வார்கள். எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது.

பண்ணையில் உரத்தொட்டியை மேசைமேல் ஏற்றி வைத்தேன். பூ சிதறுகிற இடத்தில் யாரும் மிதித்துவிடாதபடி கயிறு கட்டினேன். பார்வையாளர்கள் உள்ளே ஏதோ விஷ மருந்து இருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி நடந்தார்கள். மாலைகளிலிருந்து ஜிகினாவையும் நைலான் நூலையும் பிரித்தெடுப்பதற்கே பாதி நாள் போகும். கோழி எரு கலந்தால் வேகமாக மக்கும் என்றார் பட்டதாரி. கோழியை ஏற்றுக்கொள்கிற அம்மன்கள் உண்டுதான், ஆனால் இவள் சைவ அம்மன். காய்ந்த இலையை மட்டும் கலந்து, கிளறிக் கிளறிக் காத்திருந்தேன்.

உரம் நன்றாகவே வந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை வாசத்தோடு. மேலாளர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பெட்டி நிறையக் கலந்து தண்டுக்கீரை விதைத்தேன்.

முளைத்தது. முளைத்து இரண்டு இலை விட்டதும் ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. வெயில் என்று நினைத்து நிழல்வலை கட்டினேன். பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் போட்டேன். அதற்குப் பிறகு மிச்சமிருந்ததும் படுத்துவிட்டது. பட்டதாரி பாவப்பட்டு ஒரு சிறிய கருவியைக் கொண்டுவந்தார். என் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கருவியை அதில் முக்கி, எண்ணைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதோ என்று துடைத்துவிட்டு மறுபடி முக்கினார். மண் முழுக்க உப்பு என்றார். கடல் தண்ணீர் ஊற்றினீர்களா என்று மரியாதையாகவே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூவில் எங்கிருந்து வரும் உப்பு என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வாசலில் எப்போதும் வாங்குகிற உப்பு மிளகுப் பொட்டலத்தை வாங்கினேன். பலிபீடத்துக்கு முன்னால் நின்று, அம்மா இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். உப்பு கரைகிற மாதிரி குறை கரையும் என்பது நம்பிக்கை. எனக்கு முன்னால் கொட்டியவர்களின் உப்பு அங்கே குவியலாகக் கிடந்தது. எனக்குப் பின்னால் இன்னும் பலர் பொட்டலத்தோடு நின்றார்கள். கூட்டம் குறைந்ததும் கோயிலைப் பெருக்குகிற அம்மா வந்தார். பலிபீடத்துப் பூவையும் உப்பையும் மிளகையும் ஒன்றாகக் கூட்டி அள்ளி, நேராக என் சாக்கில் போட்டார்.

நான் அப்படியே பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமாக அந்தக் கோயிலில் யார் யார் என்ன கஷ்டத்தைக் கரைத்தார்களோ, அத்தனையும் பொங்கோலில் என் பெட்டியில்தான் கரைந்திருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு. இந்த வேலை வேண்டும் என்று வாரம் தவறாமல் கொட்டி, அந்த வேலையின் வேரிலேயே கொட்டியிருக்கிறேன். மண்ணறிவியல் படித்த எனக்கும் தோன்றவில்லை, உப்பு கொட்டிய எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் இந்தத் தடவை சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். உன் மண்ணுக்கும் அதேதான். சண்டே எனக்கு லீவு, நான் வர்றேன், ஊத்துவோம்."

பாடத்திலும் அதுதான் இருந்தது: உப்பு ஏறிய மண்ணை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். பெட்டியின் அடியிலிருந்து பழுப்பாக வழிந்தது. வழிந்த தண்ணீர் யார் காலிலும் படாமல் அவர் வாளி பிடித்தார். அது நிர்மால்யத் தண்ணீரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, குருக்களிடம் கேட்கவும் தைரியமில்லை. கருவியின் எண் இறங்கியது. மறுபடி விதைத்தேன்.

கீரை நன்றாக வந்தது, ஆனால் காலம் போதவில்லை. முடிவு சொல்லும் நாளில் என் பெட்டியில் விரல் உயரத்துக்குப் பச்சைக் குருத்துகள் நின்றன. மேலாளர் எல்லாப் பெட்டிகளையும் பார்த்தாள். மண் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேலை விமானக்காரருக்குப் போனது. அவர் பெட்டியில் பாதி வாடியிருந்தது. ஆனால் விருந்தினர்களை வரவேற்கவும் வரிசையாக நடத்திப் போகவும் அவரைப்போல ஆள் கிடைக்காது என்றாள். நியாயம்தான். அவர் இரண்டு கையையும் நீட்டி வெளியேறும் வழியைக் காட்டினால் யாருக்கும் போகத்தான் தோன்றும். எங்கள் மூவரில் மண்ணைப் பற்றி உண்மையிலேயே தெரிந்த அந்தப் பட்டதாரி ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது அழுதேன். கார் நிறுத்துமிடத்து லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் ஆள் ஏறினார்கள். அழுகையை நிறுத்தி நிறுத்தி அழவேண்டியிருந்தது.

சில வாரங்கள் கழித்து மேலாளர் கூப்பிட்டாள். பண்ணையில் நடத்துகிற வகுப்புகளில் உரம் கெட்டுப்போவது பற்றிப் பேச ஆளில்லையாம். கெட்டதைச் சொல்லிக்கொள்ள யாரும் முன்வருவதில்லை என்றாள். வாரத்தில் இரண்டு வகுப்பு, நிரந்தரமில்லை. நான் உடனே சரியென்றேன். மானம் பார்க்கிற நிலையில் இல்லை. இப்படித்தான் விவசாயம் படித்த எனக்கு, விவசாயம் படிக்க வருகிறவர்களிடம் பேசுகிற வேலை கிடைத்தது.

முதல் வகுப்பு நன்றாகப் போனது. உப்புக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு தமிழ்ப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், அலுவலகத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். மற்றவர்கள் லிஃப்டுக்குப் போகும்வரை காத்திருந்து கிட்ட வந்தாள்.

"அக்கா, போன மாசம் என்னை ரிட்ரெஞ்ச் பண்ணி வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல, டெய்லி கெளம்பி வந்துடறேன். இதப் படிச்சா வேலை கிடைக்குமா?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் கண் என் கழுத்தில் தொங்கிய பண்ணையின் அட்டைமேல் இருந்தது.

"உங்களுக்குக் கிடைச்சுச்சுல்ல அக்கா?"

"கிடைச்சுச்சு," என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. போகிற வழியில் லிஃப்டுக்குப் பக்கத்து முகப்பு மேசையில் நின்று அடுத்த வகுப்புக்கும் பெயர் கொடுத்தாள். மேலாளர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.