எதிரியின் பெயரில் அர்ச்சனை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தொழிற்சாலையில், செய்த பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்கு மூத்தவர் அவர். ஒல்லி, நல்ல உயரம், சிரிக்காத முகம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போவார். ஒரு பேராசிரியரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, தீர்க்காயுசு வேண்டி அர்ச்சனை செய்வார்.

ஒருமுறை கூடவே போன நான், “உங்க குருவா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“குருவா? என் ஆராய்ச்சியைக் குப்பையில போட்டவன்பா!”

பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கல்லூரியில் அளந்திருக்கிறார். ஒவ்வொரு முப்பத்துமூன்று லட்சம் ஒளியாண்டு தள்ளிப் போகும்போதும், விண்மீன் கூட்டங்கள் விலகும் வேகம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்ற கணக்கு. இவருக்கு வந்தது தொண்ணூறு. ஐம்பதுதான் என்று சாதித்த பேராசிரியர், “உனக்கு அளக்கவே வராது” என்று எல்லார் முன்னாலும் ஆய்வேட்டை வீசி எறிந்தாராம்.

“அம்பதா நூறான்னு உலகமே இன்னும் அடிச்சிக்கினு இருக்கு. முடிவு தெரியற அன்னிக்கு அவன் உசிரோட இருக்கணும். முன்னாடியே செத்துட்டா தப்பிச்சிடுவான்ல?”

கிடைத்த அறிவியல் பத்திரிகையெல்லாம் படிப்பவன் நான்; வாய் சும்மா இருக்குமா? “நடுவுல எழுபதுன்னு வந்துட்டா? ரெண்டு பேருமே தப்பாயிடுவீங்களே சார்!”

யோசித்தார். பிறகு, முதன்முறையாக, சிரித்தார்.

“நான் தப்புன்னா ஒத்துக்கினு போயிடுவேன் தம்பி. அவனால முடியாது. அவன் தவிக்கறதைப் பார்த்தா போதும் எனக்கு.”

துளசியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பேராசிரியர் பெற்ற பிள்ளைகள்கூட அவர் ஆயுளுக்காக இத்தனை உருகி வேண்டியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.