ஓரிடத்தில் உட்காராத பாஸ்டர் ஞானரத்தினம்

சேலையூர் மாவு மில்லில் என் முறைக்காகக் காத்திருந்தபோது பாஸ்டரின் மனைவி ரோசலின் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பிள்ளை, அவர் போயிட்டார்" என்றார். "எங்கே போனாராம்?" என்று கேட்டுவிட்டேன். பாஸ்டர் ஞானரத்தினத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். அந்த மனிதர் எப்போதும் எங்காவது போய்க்கொண்டேதான் இருந்தார். அக்கா அழுத பிறகே எனக்கு விஷயம் உறைத்தது.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் சிறுசேரிப் பக்கம் கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்த வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய் ஜெபித்துவிட்டு வந்திருக்கிறார். வந்து இடியாப்பம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். முகாமில் சில காலம் இருந்துவிட்டுத் தாம்பரத்துக்கு வந்து, ஜெபக்கூட்டம் நடத்த இடம் தேடி அலைந்தார். மாடம்பாக்கத்தில் ஒரு நிலக்காரர் பழைய நெல் கொட்டகையைச் சும்மா போட்டிருந்தார். "நீ கிறிஸ்டின் ஆளா?" என்று அவர் கேட்க, பாஸ்டர் தன் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றார். "ஜெபம் பண்ணத்தான் இடமா?" என்றதற்கும் "ஓம்." நிலக்காரர் குழம்பிப்போனார். "இன்னா சார் பேஜாரா கீது? ஏசு சாமின்றே, அப்பாலே ஓம் ஓம்ன்றே?" இலங்கையில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கியதும் நிலக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே சாவியைக் கொடுத்தார். கோயில் திருவிழாவை முன்நின்று நடத்தும் அந்த மனிதர்தான் எங்கள் முதல் சபைக்குக் கூரை தந்தவர்.

அந்தக் கொட்டகை மெல்லச் சுவர் வைத்த ஆலயமானது. டைல்ஸ் போட்டோம், மின்விசிறி மாட்டினோம். பிரதிஷ்டை முடிந்த அடுத்த ஞாயிறே பிரசங்க மேடையிலிருந்து, "இனி இந்தச் சபையைத் தம்பி ஜெபராஜ் பார்ப்பார். நான் வேங்கைவாசலுக்குப் போறன்" என்று அறிவித்தார். சபைச் செயலாளரான எனக்கே அது செய்தி. ஆராதனை முடிந்ததும் வாசலில் மறித்துச் சண்டை போட்டேன்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிட்டு ஒரு வருஷமாவது நிம்மதியா இருக்கக் கூடாதா பாஸ்டர்?"

"கோவிக்காதேங்கோ டீச்சர். ஃபேன் வந்திட்டுது. இனி ஆக்கள் தாங்களா வருவினம். எனக்கு இங்க என்ன வேலை?"

வேங்கைவாசலிலும் இதே கதை. அகரம்தென்னிலும் இதே கதை. ஒவ்வொரு முறையும் ரோசலின் அக்காதான் அடுப்பைப் பிரித்து மூட்டை கட்டினார்.

நாங்களும் அவர் பின்னாலேயே போய்க் கட்டிய மேடவாக்கத்துச் சபையில் அவர் செய்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் சிலர் ஆராதனைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பாஸ்டர் யோசிக்கவே இல்லை. காலை ஒன்பது மணியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, எங்களை மத்தியானம் வரச் சொன்னார். கமிட்டி கொதித்தது. என் கணவர் எழுந்து, "பாஸ்டர், இது நாங்க கட்டின சர்ச்" என்றார்.

"ஓம், நீங்கள் கட்டினதுதான். நான் இந்த ஊருக்கு வந்த நேரம், முன்னுக்கு வந்து இருங்கோ எண்டு சொன்ன ஒரு சபைகூட இல்லை. அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

பாதிக் குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. என் கணவரும் போனார். இன்றுவரை எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இரண்டு வண்டிகள் இரண்டு திசையில் கிளம்புகின்றன.

நான் பள்ளியில் ஹிந்தி ஆசிரியை என்பதால் அவர் பிரசங்கத்தை மொழிபெயர்க்கும் தண்டனை என் தலையில் விழுந்தது. மூச்சுவிடாமல் பேசிவிட்டு, பிறகு என்னைப் பார்ப்பார். நான் சுருக்கிச் சொல்வேன். அவருக்கு ஹிந்தி வராது, ஆனால் கணக்கு வரும்.

"டீச்சர், நான் எவ்வளவு கதைச்சன்! நீங்கள் ரெண்டு வரியில முடிச்சிட்டியள்."

"மீதியைப் போன வாரமே சொல்லிட்டீங்க பாஸ்டர்."

அவர் சிரிக்க, காரணம் தெரியாமலே சபையும் சிரிக்கும்.

அடக்கத்தன்றும் அவரால் தொல்லைதான். எதையும் சொல்லி வைக்காமல் போய்விட்டார். அவர் தொடங்கிய சபைகளெல்லாம் உடலைத் தங்கள் ஆலயத்தில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டு வாசலிலேயே வாக்குவாதம் செய்தன. கடைசியில் ரோசலின் அக்கா வெளியே வந்தார். "இந்த மனுசன் என்னை ஒரு வீட்டிலயும் நிம்மதியா இருக்க விடேல்ல. இண்டைக்காவது அவர் என்ர வீட்டில இருக்கட்டும்" என்றார். ஆராதனை வீட்டு முன்னறையில் நடந்தது. மாடம்பாக்கத்து நிலக்காரரின் மகன் தெருவில் பந்தல் போட்டுக் கொடுத்தார். மேடவாக்கத்தை விட்டுப் போன குடும்பங்களும் வந்திருந்தன. என் கணவர் பெட்டியைத் தூக்கினார்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது, கம்பி கட்டும் வேலை பார்க்கும் சுக்ராம் என்னருகே வந்து தன் தமிழில் கேட்டான். "அக்கா, சண்டே ஒம்பது மணி தானே? பாஸ்டர் சொல்லிச்சு, நான் இல்லேன்னா அக்கா பேசும்."

"எப்போ சொன்னார்?"

"ரொம்ப முன்னாடி, அக்கா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்ச் சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை.

ரோசலின் அக்கா அவருடைய கைக்கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். உங்கள் மகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது ஞாயிறு காலை ஒன்பது மணியும், அதற்கு வந்து உட்காரும் மனிதர்களும்தான். போன வாரம் ஆராதனை முடிந்ததும், பெருங்களத்தூரில் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், சனிக்கிழமை வர முடியுமா என்று சுக்ராம் கேட்டான். முடியவே முடியாது என்றேன். வண்டியை எடுத்த பிறகு நிறுத்தி, எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.