கம்பெனி பஸ்ஸில் ஏறிய மாத்திரைப் பை

வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. கதவு தட்டிப் பிழைக்கிற உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். நான் ஆம்பூர் பக்கம் சுகாதாரத் தன்னார்வலர். என் பையில் பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், மாத்திரை அட்டைகள்.

பூட்டு

என் பட்டியலில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவார்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்று மாதக்கணக்கில் எழுதி எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒருநாள் ஆறரைக்கே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். நாலு பேருக்குப் பார்ப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. விடவில்லை, நானும் ஏறிக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸில் பி.பி. சரியாக வராது. அதனால் கம்பெனி வாசலில் இறங்கி, புங்கமரத்தடியில் மிச்சப் பேரை உட்கார வைத்தேன்.

எல்லோரும் உள்ளே போன பிறகு டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "எனக்கும் பாரும்மா. நான் மட்டும் இன்னா பாவம் பண்ணேன்?"

வாசல்

மழை வந்தால் மரத்தடி உதவாது. சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விடச் சொல்லிக் கேட்டேன். 'வெளியாட்கள் கூடாது' என்றார் மேனேஜர். அடுத்த திங்கட்கிழமையும் போனேன். அதற்கடுத்த திங்களும் போனேன். ஐந்தாவது திங்கட்கிழமை, தையல் பிரிவுப் பெண்களே கையெழுத்துப் போட்ட ஒரு மனுவைக் கையில் வைத்திருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, சாப்பாட்டு ஹாலில் ஒரு மேஜை ஒதுக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இன்னும் ஒரு வாரம் விட்டா, செக்யூரிட்டி உங்களுக்கு அட்டெண்டன்ஸே போட்டுடுவான் மேடம்!"

வலிக்காத கால்

முனுசாமி அண்ணனுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. நாள் முழுக்க ஈரத்தில் ரப்பர் பூட்ஸோடு நிற்பார். சர்க்கரை ஜாஸ்தி; அதில் பாதம் மரத்துப்போகும். 'கால்ல புண் ஏதாவது இருக்காண்ணா?' என்று ஒவ்வொரு மாதமும் கேட்பேன். ஒன்றுமில்லை என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை. 'காலை நீட்டுங்க, பார்த்துட்டுதான் போவேன்' என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுண்டுவிரலுக்கு அடியில் குழி விழுந்து, சீழ் கோர்த்திருந்தது. அவர் மனைவி ஜோதி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாளைக்கு வேலை இருக்கும்மா" என்றார் அண்ணன். ஜோதி அவர் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார். என் ஸ்கூட்டியிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. கட்டுப் பிரித்த அன்று ஜோதியின் தோளைப் பிடித்து நடந்து வந்தவர் என்னிடம் சொன்னார்:

"வலிக்கலன்னா நல்லா இருக்குதுன்னுதாம்மா நெனச்சிக்கினு இருந்தேன்."

எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி பக்கம்தான், அங்கே போக ஒரு நாள் லீவு கிடைப்பதுதான் ரொம்ப தூரம்.