மூன்று மாதம் என்று நான் சொன்னது

2006-ல் காரைக்கால் கடைத்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு, விண்ணப்பங்கள் பூர்த்தி செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும் என்பதால் பிரான்ஸ் விசா, குடியுரிமை சம்பந்தமான தாள்களெல்லாம் என்னிடம்தான் வரும். எங்கள் ஊரில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் ஜாதகத்தைக்கூட அவசரமாகத்தான் பார்ப்பார்கள்.

பக்கத்து ஊரான போலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்படி ஒரு மாப்பிள்ளையோடு தை மாதம் கல்யாணம் முடிந்து, கணவர் பாரிஸ் திரும்பிவிட்டார். இவர் போய்ச் சேர விசா வேண்டும். தாள்களைப் பார்த்ததுமே எனக்குச் சிக்கல் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் திருமண அறிவிப்பு ஒட்டி, தடையில்லை என்று சான்று வாங்கியிருக்க வேண்டும். நம் ஆட்கள் வழக்கம்போல முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டு, தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இனி விசாரணை நடந்த பிறகுதான் கல்யாணத்தையே அங்கே பதிவு செய்வார்கள்; விசா அதற்கும் பிறகு. விசாரணைக்கு எத்தனை நாள் என்று விதியில் எங்கும் இல்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு நாளாவும்ண்ணே? தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. ஸ்கூல்ல சொல்லணும்."

புதுப்பெண் முகம் வாடக் கூடாதே என்று, மூன்று மாதத்தில் ஆகிவிடும் என்றேன். சிக்கலைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லோரிடமும் அப்படிச் சொல்லிப் பழகிய வாய்.

அதை நம்பி, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டார். ஜூனில் அந்த இடத்துக்கு வேறு டீச்சர் வந்தாயிற்று. தீபாவளி போனது, பொங்கலும் போனது. அதன்பிறகு ஒருநாள் தூதரக அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு வந்து, படித்துச் சொல்லச் சொன்னார். உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்த அறிவிப்புக் கதையைச் சொன்னேன். அன்றைக்கே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அவங்கதான் தெளிவா எழுத மாட்டேங்குறாங்க. நீங்க எதிர்க்க உக்காந்திருந்தீங்க. நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வருடம் ஆவணியில் விசா வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதுவரை வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டு, இன்னும் போகவில்லையா என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இப்போதும் தாள் எழுதுகிறேன். விதி என்னவோ அதைச் சொல்வேன். எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் தெரியாது என்பேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். விதி எழுதுகிறவர்களின் மழுப்பலைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், அந்த டீச்சர் வேலையை விட்டது அவர்களுடைய விதியை நம்பி அல்ல, என் மூன்று மாதத்தை நம்பி என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.